வாசிக்கத் தெரிந்த ஊர்

எங்கள் பக்கத்தில் வயசானவர்கள் வெளிநாடு போனால் அதற்கு ஒரு வேலை இருக்கும். மகளுக்குப் பிரசவம், மருமகளுக்கு ராத்திரி ஷிஃப்ட், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. துபாய்க்கோ மஸ்கட்டுக்கோ பறந்து, அடுக்குமாடியின் பால்கனியையும் கீழே இருக்கிற சூப்பர் மார்க்கெட்டையும் பார்த்துவிட்டு, விசா முடிந்ததும் திரும்பி வருவார்கள். பதினாறு வயதுப் பேத்தியையும் பதிமூன்று வயதுப் பேரனையும் கூட்டிக்கொண்டு, வேலை எதுவும் இல்லாமல், ஒரு பழைய நகரத்தைப் பார்க்கப் போகிறோம் என்றதும் கொழிஞ்சாம்பாறையில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "அங்க யார் இருக்காங்க?"

யாரும் இல்லை.

கண்டி என்று முடிவானதற்குக் காரணம் ஆளுக்கொன்று. பேத்திக்கு இன்ஸ்டாகிராமில் பார்த்த மலை ரயில். பேரனுக்கு பாஸ்போர்ட்டில் ஏதோ ஒரு முத்திரை. பாங்காக் கிடைக்காவிட்டால் கண்டி. என் மனைவிக்கு, அவள் பிறந்த மூணாறு லயத்தில் சின்ன வயசில் காதில் விழுந்த 'கண்டிச்சீமை'. தென்காசிப் பக்கத்து ஒரே தெருவில் கங்காணி வந்து ஆள் எடுத்தபோது, அவள் பாட்டன் போடி மலை ஏறிக் கண்ணன் தேவன் மலைக்கு வந்தார். பாட்டனின் தம்பி மண்டபம் முகாம் வழியாகக் கப்பலேறினார். தம்பியைப் பற்றி அதன்பிறகு வீட்டில் பேச்சு இல்லை. தேடிப் போகிற எண்ணம் அவளுக்கும் இல்லை. ஊரைப் பார்த்தால் போதும் என்றாள்.

எனக்குச் சும்மா கூடப் போகவேண்டும் என்று ஆசை. ஆனால் நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவன். சும்மா கூடப் போவது எனக்கு வராத வித்தை.

*

முதியோருக்கென்று தனியாகச் சுற்றுலா நடத்துகிறார்கள். ஒரே வயசு, ஒரே மாத்திரை, ஒரே நேரத்தில் தூக்கம். பேருந்து முழுக்க ஒரே தலைமுறையை ஏற்றி ஊர் காட்டுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. எதிரே வருகிற ஒவ்வொன்றையும் 'அந்தக் காலத்தில்' என்று தொடங்கி முடித்துவிடுவோம். மறுத்துப் பேச ஆளிருக்காது.

*

கொச்சியிலிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கொழிஞ்சாம்பாறையிலிருந்து நெடும்பாசேரி விமான நிலையம் போய்ச் சேரத்தான் அதிக நேரம்.

*

என் மனைவி எஸ்டேட் பள்ளியில் தமிழில் நாலாம் வகுப்பு வரை படித்தவள். கல்யாணமாகிப் பாலக்காட்டு மாவட்டத்துக்கு வந்தாள். எங்கள் ஊரில் வாய்க்கு வருவது தமிழ், அலுவலகத்தில் மேசைமேல் இருப்பது மலையாளம். சிறுபான்மை மொழிக்காரர் அரசாங்கத்துக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று 1969-இன் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. சட்டம் இருக்கிறது, கவுண்டரில் நிற்கும்போது அதை யார் நினைவுபடுத்துவது? பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதை, ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருப்பதை, ஆஸ்பத்திரி வராந்தாவில் தொங்குவதை அவள் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தான் இத்தனை வருஷம் ஓட்டினாள். பேரப்பிள்ளைகள் எழுத்துக்கூட்டத் தொடங்கிய பிறகு அவர்களைக் கேட்டாள். அவர்கள் மலையாளமும் ஆங்கிலமும் மளமளவென்று வாசிப்பார்கள். தமிழ் பேசுவார்கள், வாசிக்கச் சொன்னால் சின்னவன் ஓடிவிடுவான்.

கண்டியில் பலகைகளில் மூன்று எழுத்து. மேலே சிங்களம், அடுத்துத் தமிழ், கீழே ஆங்கிலம். பிள்ளைகள் முதலில் சிங்களத்தைப் பார்த்துத்தான் நின்றார்கள். மலையாளம் மாதிரியே வளைந்து வளைந்து வருகிறது. கிட்டப் போனால் ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. அவர்களுடைய அம்மாச்சி, என் மனைவி, அதற்குள் வாசிக்கத் தொடங்கிவிட்டாள். "புகையிரத நிலையம்." "மக்கள் வங்கி." "கண்டி மாநகர சபை." "இங்கே குப்பை போடாதீர்." சத்தமாக, சொல்லுக்குச் சொல் நிறுத்தி. பேத்திக்கு முதலில் கூச்சம். கீழே ஆங்கிலம் இருக்கிறது, யாருக்கும் இந்த வாசிப்பு தேவையில்லை. ஆனாலும் அம்மாச்சி நிறுத்தவில்லை. மருந்துக் கடை, தபால் கந்தோர், ஒருவழிப் பாதை என்று ஒன்றையும் விடாமல் வாசித்துக்கொண்டே வந்தாள். 'பொலிஸ்' என்று எழுதியிருந்ததைப் பார்த்துப் பேரன் சிரித்தான். "நம்ம ஊர்ல போலீஸ், இங்க பொலிஸ். சின்னப் போலீஸா அம்மாச்சி?" குறிலும் நெடிலும் அவனுக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எனக்கு நாக்கின் நுனியில் ஒரு பாடம் வந்து நின்றது. 1956-இல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. அதே வருஷம் நவம்பர் 1-இல் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் தமிழ்நாட்டுக்குப் போக, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேயிலைக்கு நடுவே இருந்த தமிழர்கள், ஒரே வருஷத்தில், வேறொரு மொழியின் அலுவலகத்துக்கு வெளியே நின்றார்கள். இரண்டும் ஒன்றல்ல, இங்கே வந்தது மாநில எல்லை, அங்கே பின்னால் வந்தது போர். தமிழும் ஆட்சிமொழி என்று இலங்கை அரசியலமைப்பு சொல்ல 1987-இன் 13-ஆம் திருத்தம் வரை ஆனது. அந்தப் பலகையின் நடுவரிக்குப் பின்னால் அவ்வளவு இருக்கிறது.

சொல்லவில்லை. அவள் வாசித்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை முச்சக்கர வண்டிக்காரர் ஒருவர், தமிழர், நான் கேட்காமலே சொன்னார்: "பலகையில இருக்கும் ஐயா. உள்ள போய் ஃபாரம் கேட்டுப் பாருங்க."

*

அரச சபை மண்டபம். மகுல் மடுவ என்கிறார்கள். செதுக்கிய மரத்தூண்கள், 1783-இல் ராஜாதி ராஜசிங்கன் கட்டத் தொடங்கியது. 1815 மார்ச் 2-ஆம் தேதி கண்டிப் பிரதானிகள் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்து நாட்டை ஒப்படைத்தது இங்கேதான். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்; இளவயதுப் பெயர் கண்ணசாமி. மதுரைப் பக்கத்து நாயக்கர் வழி. 1739-இல் வாரிசில்லாமல் போன கண்டி அரியணை, அரசியின் தம்பி வழியாக நாயக்கர் கைக்கு வந்தது.

இதைச் சொல்லும்போது என் குரலில் ஒரு பெருமை ஏறியிருக்க வேண்டும். பேத்தி கைபேசியில் உடன்படிக்கையையே தேடி எடுத்துவிட்டாள். மூன்றாவது பிரிவைப் படித்தாள். அரசனின் ஆண் உறவினர்கள் யாரும் அனுமதியில்லாமல் நாட்டுக்குள் வரக்கூடாது; வெளியேற்றப்பட்ட 'மலபார்' ஆண்களும் திரும்பி வரக்கூடாது. தமிழரை அந்தக் காலத்து ஆங்கிலேயர் அப்படித்தான் குறித்தார்கள்.

"தாத்தா, பாலக்காடு மலபார்தானே? உங்களுக்குத் தடை. அம்மாச்சி வரலாம், ஆம்பளைங்கதான் கூடாது."

நான் வாதாடினேன். பாலக்காடு மலபார் மாவட்டம்தான், ஆனால் எங்கள் சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்யம். சுற்றிலும் பிரிட்டிஷ் நிலம், நடுவில் ஒட்டாமல் கிடந்த கொச்சித் துண்டு. அதனால் அந்தப் பிரிவு என்னைக் கட்டாது. சின்னவன் யோசித்துவிட்டுத் தீர்ப்பு சொன்னான்: "அவங்க மேப் பார்த்து எழுதலை தாத்தா. மூஞ்சியப் பார்த்து எழுதினாங்க."

இதில் எனக்குச் சிரிப்பை விட மேலாக ஒன்று நின்றது. மலபார் ஆண்கள் திரும்பக்கூடாது என்று கையெழுத்து வாங்கிய அதே ஆட்சி, சில பத்தாண்டுகளுக்குள் காப்பித் தோட்டத்துக்காக அதே மலபார்களை ஆயிரக்கணக்கில் மன்னார் கரையிலிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடத்திக் கூட்டிவந்தது. வழியில் காலராவிலும் பசியிலும் விழுந்தவர்கள் ஏராளம். இந்தத் தடவை உடன்படிக்கை எதுவும் குறுக்கே வரவில்லை.

*

பெருமைக்கு அடுத்த அடி எஹெலபொல வீட்டில் விழுந்தது. பிரதானி எஹெலபொல 1814-இல் ஆங்கிலேயர் பக்கம் போய்விட, அரசன் அவர் மனைவியையும் பிள்ளைகளையும் கொல்லச் செய்தான். மூத்தவன் பயந்து அம்மாவின் பின்னால் ஒளிய, இளையவன் முன்னால் வந்து நின்றான் என்பது கதை. அந்தச் சிறுவனைப் பற்றிக் கண்டியில் எல்லோருக்கும் தெரியும். பேரன் எதுவும் பேசவில்லை. பேத்திதான் கேட்டாள்: "இப்ப அவரு நம்ம ஆளா, இல்லையா?"

பள்ளிக்கூடமாக இருந்தால் ஆட்சியாளர்களை அவர்கள் காலத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். "தெரியலம்மா" என்றேன். அவள் விடவில்லை, ராத்திரி சாப்பாட்டின்போதும் கேட்டாள்.

*

புத்தரின் பல்லை வைத்திருக்கிற தலதா மாளிகைக்குள் போகிற வழியில் சோதனை. பைக்குள் கைவிட்டுப் பார்க்கிறார்கள். ஏன் இவ்வளவு என்று பேரன் கேட்டான். 1998 ஜனவரி 25-இல் இந்த வாசலில் லாரியில் வெடிகுண்டு வெடித்தது, பலர் செத்தார்கள். யார் வைத்தது? புலிகள். தமிழர்களா? ஆமாம். எனக்கு முன்னால் நின்ற சிங்களப் பாட்டி தாமரைப் பூத்தட்டோடு திரும்பிப் பார்த்தார். தமிழ் அவருக்குப் புரிந்ததா என்று சொல்ல முடியாது. பேரன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். வரிசை நகர்ந்தது.

சாயங்காலப் பூசைக்கு மேளம் அடிக்கிறார்கள். காது அடைக்கிற சத்தம். ஆனால் கூட்டம் அசையாமல் நிற்கிறது. பேழை இருக்கிற அறையின் கதவைத் திறந்ததும் மாடியில் வரிசை ஓடுகிறது. சில நொடிதான், போலீஸ்காரர் கையை ஆட்டி நகர்த்திவிடுகிறார். என் முழங்கால் அந்தப் படிகளை ஏற ஒப்பவில்லை. பேத்தி ஒரு பக்கம் தோள் கொடுத்தாள். நாற்பது வருஷம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவனை ஒரு பிள்ளை வரிசையில் நிறுத்தி மேலே கொண்டுபோனாள். உடம்பைக் கொடுத்துவிட்டால் மனசும் கொஞ்சம் இறங்குகிறது என்று தோன்றியது. கீழே இறங்கியதும் அது சரியில்லை என்றும் தோன்றியது. மாடியில் நான் பார்த்தது முன்னால் இருந்தவர்களின் முதுகுகளை.

*

மாளிகைக்கு எதிரே பத்தினி தேவாலயம். பலகையை வாசித்துவிட்டு மனைவி செருப்பைக் கழற்றினாள். "நம்ம கண்ணகி."

குமுளிக்கு மேலே, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் மக்களை விடுவார்கள். கேரளப் பக்கம் ஜீப்பில் ஏறுவார்கள், தமிழ்நாட்டுப் பக்கம் கூடலூர் பளியன்குடியிலிருந்து நடந்து ஏறுவார்கள். இரண்டு மாநிலப் போலீசும் வனத்துறையும் நிற்கும். கோயில் யாருடையது என்கிற வழக்கு இன்னும் ஓயவில்லை. இளவயசில் அவள் அண்ணன்மாரோடு ஏறியிருக்கிறாள். சாமி முகத்தைவிட, நேரமாச்சு இறங்கு என்று விரட்டியதுதான் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. இங்கே அவளை யாரும் விரட்டவில்லை. பூ வாங்கி வைத்தாள். சிங்களப் பெண்கள் குழந்தைக்காகவும் நோய் தீரவும் வேண்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள். கண்டித் திருவிழாவான பெரஹெராவில் நான்கு தேவாலய ஊர்வலங்களும் வரும்; கடைசியாக வருவது பத்தினியுடையது என்று பக்கத்தில் இருந்தவர் உடைந்த ஆங்கிலத்தில் சொல்ல, பேத்தி அதை மொழிபெயர்த்தாள். "கடைசியா வந்தா என்ன, வருதுல்ல" என்றாள் மனைவி.

சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன் பத்தினிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை அரசன் கயவாகு அங்கே இருந்ததாக வருகிறது என்று நான் சொல்லத் தொடங்கினேன். பேத்தி குறுக்கே வந்தாள்.

"ஒரு நிமிஷம் தாத்தா. ராஜா மதுரைக்காரர். அவர் அரண்மனைக்குப் பக்கத்துலயே மதுரையை எரிச்சவங்களுக்குக் கோயிலா?"

இத்தனை வருஷம் சிலம்பு நடத்தியும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை.

*

ரயில். கண்டியிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன், தலவாக்கலை. பிள்ளைகள் கதவோரம் நின்று படம் எடுத்தார்கள். சுரங்கத்துக்கு முன்னால் எல்லாப் பெட்டிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் கூச்சல். நான் "உள்ள வா, உள்ள வா" என்றுகொண்டே இருந்தேன். பயனில்லை. பிறகு பேரன் தூங்கிப்போனான்.

எதிர் இருக்கையில் ஒரு அம்மா, அறுபது வயசிருக்கும். என் மனைவியின் பேச்சைச் சற்று நேரம் கேட்டுவிட்டு முன்னால் குனிந்தார்.

"நீங்க எந்தத் தோட்டம்?"

எந்த ஊர் என்று கேட்கவில்லை. என் மனைவியும் கொழிஞ்சாம்பாறை என்று சொல்லவில்லை. கல்யாணமாகி அத்தனை வருஷம் கழித்தும் வாயில் வந்தது பிறந்த இடம். "நல்லதண்ணி" என்றாள்.

"அட, மஸ்கெலியாவுக்கு அங்கிட்டு இருக்கே, நம்ம நல்லதண்ணியா?"

சிவனொளிபாதமலை அடிவாரத்தில் ஒரு நல்லதண்ணி இருக்கிறது. மூணாறில் ஒரு நல்லதண்ணி இருக்கிறது. ஆறும் உண்டு, எஸ்டேட்டும் உண்டு. இப்போது அங்கே தேயிலை அருங்காட்சியகமும் உண்டு. இல்லை, இந்தியாவில் இருக்கிற நல்லதண்ணி என்று விளக்கி முடிப்பதற்குள் இரண்டு பேரும் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) எத்தனை மணிக்கு. கவ்வாத்து வெட்டுவது ஆணா பெண்ணா. அட்டைக்கு உப்பா சுண்ணாம்பா. கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கென்று எத்தனை கிலோ கழிப்பார்கள். எங்களுக்குக் கத்திரி கொடுத்துவிட்டார்கள் என்று மனைவி சொன்னதும் அந்த அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "கத்திரியா? கொழுந்து கெட்டுப்போவாதா?" இங்கே கையால்தான், கூடையைக் கயிற்றால் நெற்றியில் மாட்டி முதுகில் போட்டுக்கொள்கிறார்கள். அவர் நெற்றியில் அந்தத் தடம் இருந்தது.

2015-இல் மூணாறில் போனஸைக் குறைத்தபோது பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டுத் தாங்களே சாலையில் உட்கார்ந்ததை மனைவி சொன்னாள். பெம்பிளை ஒருமை என்று அதற்குப் பெயர். அவளுடைய தங்கையும் அதில் உட்கார்ந்தவள். "சங்கத்தையே வெளிய அனுப்பிட்டீங்களா?" என்று அந்த அம்மா இரண்டு முறை கேட்டார். அதை ஒரு சேதியாக வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறவர் போல இருந்தது முகம்.

பிறகு அவர் தன் பெரியம்மாவைப் பற்றிச் சொன்னார். 1948-இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி பிறகு என்று பிரித்தார்கள். அப்படிப் பிரித்ததில் பெரியம்மா குடும்பத்துக்கு இந்தியா வந்தது. கோத்தகிரிப் பக்கம் என்று ஒரு கடிதம், பிறகு ஒன்றும் இல்லை.

"கோத்தகிரி உங்களுக்குக் கிட்டவா?"

"காலையில கிளம்பினா மத்தியானம் போயிரலாம்."

அந்த அம்மா தலையை ஆட்டினார். போய்ப் பார்க்கச் சொல்லவில்லை, பெயரையும் சொல்லவில்லை. என் மனைவியும் கேட்கவில்லை. நான் இருந்திருந்தால் (நான் இருந்தேன், ஆனால் அந்தப் பேச்சில் இல்லை) பெயர், தோட்டம், வருஷம் எல்லாம் எழுதி வாங்கியிருப்பேன். பேத்தி எப்போது கதவை விட்டு வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. காதிலிருந்து கம்பியில்லாத அந்தச் சின்னக் குமிழ்களை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இருக்கையின் கைப்பிடியில் உட்கார்ந்திருந்தாள். வெளியே தேயிலை. மூணாறில் பார்த்ததுதானே, இதற்கு எதற்கு இவ்வளவு தூரம் என்று காலையில் அலுத்துக்கொண்டவள்.

தலவாக்கலையில் அந்த அம்மா இறங்கும்போது என் மனைவியின் கன்னத்தைத் தொட்டுவிட்டு இறங்கினார்.

*

பேராதனைப் பூங்கா. பெரியது, அழகானது. பேரன் வௌவால்களை எண்ணினான். நான் பெஞ்சில் தூங்கினேன்.

*

காசு எல்லாம் பேரனிடம். கைபேசியைக் காட்டினால் கடையில் வாங்கிக்கொள்கிறார்கள். நம் யுபிஐ 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையிலும் செல்லுகிறது. என் சட்டையின் உள்பாக்கெட்டில் மாற்றி வைத்திருந்த ரூபாய் நோட்டுகள் அப்படியே இருந்தன. வெளியூரில் காசு யாரிடம் இருக்கிறதோ அவர்தான் பெரியவர் என்று நான் வளர்ந்தேன். அவனுக்கு அந்த எண்ணமே இல்லை. தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு வந்து நீட்டுகிறான், அவ்வளவுதான்.

*

ஊர் திரும்பிச் சில வாரம் கழித்துப் பேத்தி கேட்டாள், அந்த ராஜாவை எங்கே கொண்டுபோனார்கள் என்று. வேலூர்க் கோட்டை. 1816-இல் கொண்டுவந்து அடைத்தார்கள். 1832-இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் நினைவு மண்டபம் இருக்கிறது, முத்துமண்டபம் என்பார்கள்.

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

பாலக்காட்டிலிருந்து சென்னைக்குப் போகிற ரயில் காட்பாடியில் நிற்கும். டீ வாங்கியிருக்கிறேன், எத்தனையோ முறை. இறங்கியதில்லை.

அவர் நம்ம ஆளா இல்லையா என்பதை அங்கே போய் முடிவு பண்ணலாம் என்கிறாள். பேரன் வரமாட்டானாம், கல்லறை பார்க்க அவனுக்கு ஆசையில்லை, பாங்காக் பாக்கி இருக்கிறது. அம்மாச்சி வருகிறாள். வேலூரில் பலகை எல்லாம் தமிழில்தானே, நீ வாசிக்கிறாயா என்று பேத்தியைக் கேட்டிருக்கிறாள். கிறிஸ்துமஸ் லீவில் இடம் இல்லை, பொங்கலுக்குப் பிறகு பார்ப்போம் என்று டிக்கெட் போடுகிற வேலையைப் பேத்தி கையில் விட்டிருக்கிறோம்.